வாங்கிய மறு வாரமே புதுப் பதிப்பு வந்துவிட்டதா? மென்பொருள் வாங்குபவருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாதி விலைக்குக் கிடைக்கிறதே என்று ஒருமுறை ஓர் ஒலித்தொகுப்பு மென்பொருள் வாங்கினேன். எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்றுகூடப் பழகி முடிக்கவில்லை. பதினோராம் நாள் அதே நிறுவனத்திடமிருந்து மின்னஞ்சல், அடுத்த பெரிய பதிப்பு வந்துவிட்டதாம். பழைய பதிப்பு வைத்திருப்பவர்களுக்கென்று ஓர் அப்கிரேடு விலை போட்டிருந்தார்கள். அதையும் நான் ஏற்கெனவே கொடுத்த பாதி விலையையும் கூட்டிப் பார்த்தால், புதுப் பதிப்பை நேரடியாக வாங்குபவர் கொடுப்பதைவிட என் கணக்கில் அதிகம் வந்தது.

அன்றிரவே ஆத்திரத்தில் ஒரு கடிதம் எழுதினேன். 'ஏமாற்று வேலை' என்ற சொல் அதில் மூன்று இடத்தில் இருந்தது. அச்சடித்து வைத்த பதில் ஒன்று வந்தது: விற்பனை விதிகளின்படி ஒன்றும் செய்வதற்கில்லை. நான்கு நாள் கழித்து இரண்டாவது கடிதம் எழுதினேன். ஏழே வரி, அதில் பாதி தேதிகள். மறுநாள் புதுப் பதிப்புக்கான லைசென்ஸ் எண் வந்து சேர்ந்தது. இரண்டு கடிதத்துக்கும் நடுவில் நான் கற்றுக்கொண்டதும், அதற்குப் பிறகு பலருக்கு எழுதிக் கொடுத்ததில் தெரிந்துகொண்டதும்தான் இந்த வழிகாட்டி.

முதலில், ஏன் சொல்லாமல் விற்கிறார்கள்?

இது தெரிந்தால் எதைக் கேட்கலாம், எதைக் கேட்டுப் பயனில்லை என்பது புரியும். 1981இல் ஆஸ்பார்ன் 1 என்ற, கையில் தூக்கிச் செல்லக்கூடிய கணினி 1,795 டாலருக்கு வந்து நன்றாக விற்றது. அதன் நிறுவனர் ஆடம் ஆஸ்பார்ன் அடுத்த மாடலைப் பற்றி முன்கூட்டியே பேசிவிட்டார், கடைக்காரர்கள் பழைய மாடலுக்கு ஆர்டர் கொடுப்பதை நிறுத்தினார்கள், 1983 செப்டம்பரில் நிறுவனம் திவாலானது என்று ஒரு கதை உண்டு. போட்டியும் நிர்வாகக் குளறுபடியும் அதைவிடப் பெரிய காரணங்கள் என்று வாதிடுபவர்களும் இருக்கிறார்கள். ஆனால் 'ஆஸ்பார்ன் விளைவு' என்ற பெயர் நின்றுவிட்டது. புதியது வருகிறது என்று வாய் திறந்தால் பழையது விற்காது என்ற பயம் இன்றும் விற்பனைத் துறையில் எல்லோருக்கும் உண்டு.

என் கருத்தைக் கேட்டால், மென்பொருளுக்கு இந்தப் பயம் பாதிதான் பொருந்தும். கிடங்கில் விற்காமல் தேங்கி நிற்கும் பெட்டிகள் இங்கே இல்லை. இருப்பது ஒன்றிரண்டு மாத வருமானம் குறைந்துவிடுமே என்ற கவலை. அந்தக் கவலையைத் தீர்க்க ஒரே வரி போதும்: 'இன்ன தேதிக்குப் பிறகு வாங்கியவர்களுக்குப் புதுப் பதிப்பு இலவசம்.' ஏபிள்டன் நிறுவனம் லைவ் என்ற தன் இசை மென்பொருளின் 11ஆம் பதிப்பை 2020 நவம்பரில் அறிவித்தது. அது வெளிவந்தது 2021 பிப்ரவரியில். இடைப்பட்ட காலத்தில் லைவ் 10ஐ 20 சதவீதத் தள்ளுபடியில் விற்றார்கள், கூடவே 11க்கான இலவச அப்கிரேடும் கொடுத்தார்கள். யாரும் காத்திருக்க வேண்டியதில்லை, யாருக்கும் வயிற்றெரிச்சலும் இல்லை. அந்த ஒரு வரியை மற்ற நிறுவனங்களிடமிருந்து எப்படி வாங்குவது என்பதுதான் இனி வருவதெல்லாம்.

படி 1: தேதிகளை எழுதி வையுங்கள்

வாடிக்கையாளர் சேவைக்கு எழுதும் முன் ஒரு தாளில் நான்கு தேதிகளைக் குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் பணம் கட்டிய தேதி, லைசென்ஸை ஆக்டிவேட் செய்த தேதி, நிறுவனம் புதுப் பதிப்பை அறிவித்த தேதி, அது விற்பனைக்கு வந்த தேதி.

பெரும்பாலானவர்கள் முதலாவதையும் கடைசியையும் மட்டும் பார்த்துவிட்டு, 'நான் வாங்கி இரண்டு மாதம் ஆகிவிட்டதே, இனி கேட்க முடியாது' என்று விட்டுவிடுகிறார்கள். பெரிய நிறுவனங்களின் பழைய சலுகைகளைப் பார்த்தால் கணக்கு அப்படி இல்லை. விண்டோஸ் 7 வெளிவந்தது 2009 அக்டோபர் 22. ஆனால் அதற்கான அப்கிரேடு சலுகை 2009 ஜூன் 26 முதல், முந்தைய பதிப்பான விஸ்டா உள்ள கணினி வாங்கியவர்களுக்கே உண்டு. கிட்டத்தட்ட நான்கு மாத இடைவெளி. மேக் கணினிகளுக்கான ஆப்பிளின் இயங்குதளப் பதிப்பான ஸ்னோ லெப்பர்ட் 2009 ஆகஸ்ட் 28இல் வந்தது. ஜூன் 8 முதல் புது மேக் வாங்கியவர்கள் 9.95 டாலர் கட்டி அதைப் பெற முடிந்தது. அந்த ஜூன் 8 என்பது அவர்கள் விலையையும் வெளியீட்டு மாதத்தையும் மேடையில் அறிவித்த நாள்.

ஆக, உங்கள் வாதத்துக்கு வலுச் சேர்ப்பது பெரும்பாலும் மூன்றாவது தேதிதான். அறிவிப்புக்குப் பிறகும் பழையதை முழு விலைக்கு விற்றிருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அறிவிப்புக்கு முன் வாங்கியிருந்தால் நிறுவனத்தின் நல்ல மனதை நம்பித்தான் கேட்க வேண்டும். கேட்கக் கூடாது என்றில்லை, கேட்கும் தொனி மாற வேண்டும், அவ்வளவுதான்.

ஆக்டிவேட் செய்த தேதி எதற்கு என்று கேட்பீர்கள். ஆபீஸ் 2010 வருவதற்கு முன் மைக்ரோசாஃப்ட் ஒரு சலுகை கொடுத்தது. 2010 மார்ச் 5 முதல் செப்டம்பர் 30 வரை ஆபீஸ் 2007 வாங்கியவர்களுக்கு 2010 இலவசம். வாங்கினால் மட்டும் போதாது, அதே காலத்துக்குள் ஆக்டிவேட் செய்திருக்கவும் வேண்டும் என்பது விதி. வாங்கி அலமாரியில் வைப்பவர்கள் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொள்வார்கள்.

படி 2: உங்களிடம் இருப்பது எந்த வகை லைசென்ஸ்?

மாதச் சந்தா, ஆண்டுச் சந்தா என்றால் கவலையே இல்லை, புதுப் பதிப்பு தானாக வரும். 'வாழ்நாள் அப்டேட் இலவசம்' என்று விற்கும் எஃப்எல் ஸ்டுடியோ என்ற இசை மென்பொருள் போன்றவற்றிலும் பிரச்சினை இல்லை. சிக்கல் வருவது ஒரே தடவை பணம் கட்டி வாங்கும் நிரந்தர லைசென்ஸில்தான்.

அதிலும் இரண்டு வகை உண்டு. முதலாவதில் பதிப்பு எண்ணுக்குத்தான் உரிமை. 5 வாங்கினால் 5.1, 5.2 எல்லாம் இலவசம், 6க்குத் தனிப் பணம். இதை வாங்குபவர்தான் வெளியீட்டுக்கு முந்தின நாள் என்ற பள்ளத்தில் விழுகிறார். இரண்டாவதில் காலத்துக்கு உரிமை. வாங்கிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் எது வந்தாலும் உங்களுக்கு உண்டு, ஆண்டு முடிந்தபின் அன்று கையில் இருக்கும் பதிப்பு உங்களுடையது. ஸ்கெட்ச் என்ற வடிவமைப்பு மென்பொருள் 2016இல் இந்த முறைக்கு மாறியது. இந்த வகையில் வெளியீட்டுக்கு முந்தின நாள் வாங்கினாலும் நஷ்டமில்லை. இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வாய்ப்பிருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு இரண்டாவதைத்தான் எடுப்பேன்.

உங்கள் லைசென்ஸ் ஒப்பந்தத்தைத் திறந்து அதில் 'அப்டேட்' என்றும் 'அப்கிரேடு' என்றும் எங்கே வருகிறது என்று தேடுங்கள். பேச்சில் இரண்டையும் ஒன்றாகச் சொல்கிறோம், ஒப்பந்தத்தில் ஒன்றல்ல. அப்டேட் என்பது வழக்கமாகச் சின்னத் திருத்தம், அப்கிரேடு என்பது காசு கேட்கும் பெரிய மாற்றம்.

படி 3: யாரிடம் வாங்கினீர்கள்?

நிறுவனத்திடமே நேராக வாங்கியிருந்தால் வேலை எளிது. மறுவிற்பனையாளரிடம் வாங்கியிருந்தால் பணம் திரும்பக் கேட்க வேண்டியது அவரிடம், அப்கிரேடு கேட்க வேண்டியது தயாரித்தவரிடம். இரண்டையும் ஒருவரிடமே கேட்டால் இருவரும் ஒருவரையொருவர் கைகாட்டிக்கொண்டே இருப்பார்கள்.

ஆப் ஸ்டோரில் வாங்கியிருந்தால் வேறொரு சங்கடம். ஆப்பிளின் மேக் ஆப் ஸ்டோர் 2011 ஜனவரியில் தொடங்கியபோதே, பழைய வாடிக்கையாளருக்குக் குறைந்த விலையில் அப்கிரேடு கொடுக்கும் ஏற்பாடு அதில் இல்லை. அதனால் பலர் புதுப் பதிப்பைப் புத்தம் புது ஆப்பாகவே போட்டுவிடுவார்கள், நேற்று வாங்கியவரும் இன்று முழு விலை கட்ட வேண்டியிருக்கும். ஆப் எழுதியவரைத் திட்டுவதற்கு முன் அவர் கையும் கட்டப்பட்டிருக்கலாம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இங்கே அவரிடம் வாதாடுவதைவிட, ஸ்டோரிடம் பழையதற்கு ரீஃபண்ட் கேட்டுவிட்டுப் புதியதை வாங்குவதே வேகமான வழி.

படி 4: சொல்லாமல் இருக்கும் சலுகையைத் தேடுங்கள்

பல நிறுவனங்களில் சமீபத்தில் வாங்கியவர்களுக்கு ஒரு சலுகைக் காலம் இருக்கும். முப்பது நாள், அறுபது நாள், சில இடங்களில் தொண்ணூறு. வேடிக்கை என்னவென்றால், அதை விளம்பரப் பக்கத்தில் போடமாட்டார்கள். அப்கிரேடு குறித்த கேள்வி பதில் பகுதியின் அடியில், கடைசிக்கு முந்தின கேள்வியாக இருக்கும். சில நேரம் உங்கள் கணக்குக்குள் நுழைந்தால் புது எண் ஏற்கெனவே காத்துக்கொண்டிருக்கும், மின்னஞ்சல் மட்டும் ஸ்பேமில் போயிருக்கும். கோபப்பட்டு எழுதிய பிறகு இதைக் கண்டுபிடித்த அனுபவம் எனக்கு உண்டு. அசடு வழிய மன்னிப்புக் கேட்டேன்.

சலுகை இருந்தால் அதற்கு விண்ணப்பிக்கும் கடைசித் தேதியையும் பாருங்கள். வாங்கும் காலம் வேறு, கேட்டுப் பெறும் காலம் வேறு.

படி 5: கடிதம்

இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டும். வேலை முடிவதும் கெடுவதும் இந்த இடத்தில்தான்.

உங்கள் கடிதத்தைப் படிப்பவர் அந்த விலையை வைத்தவர் அல்லர். அன்றைக்கு ஒரு நூறு டிக்கெட்டுக்கு, அதாவது எண் போட்டுப் பதிவான கோரிக்கைகளுக்கு, பதில் சொல்ல வேண்டிய ஊழியர். பல இடங்களில் ஒரு லைசென்ஸ் எண்ணைத் தானே கொடுத்துவிடும் அதிகாரம் அவருக்கு இருக்கும், ஆனால் ஏன் கொடுத்தேன் என்று மேலே காட்ட ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணத்தை நீங்கள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். 'நீங்கள் எல்லோரும் திருடர்கள்' என்பது காரணம் ஆகாது. '11 நாள் முன்பு வாங்கினார், அவர் வாங்குவதற்கு 6 நாள் முன்பே அறிவிப்பு வந்திருந்தது' என்பது காரணம்.

அடுத்தது, எதைக் கேட்பது. முதலில் அப்கிரேடையே கேளுங்கள். ஒரு லைசென்ஸ் எண்ணை உருவாக்க நிறுவனத்துக்குச் செலவே இல்லை. பணத்தைத் திருப்பித் தர நிஜமான செலவு உண்டு, கணக்குப் பிரிவும் உள்ளே வரும். அதனால் முதல் கோரிக்கைதான் சுலபமாக நடக்கும். அது முடியாது என்றால், கட்டிய தொகையைப் புதுப் பதிப்பின் விலையில் கழித்துக்கொள்ளக் கேளுங்கள். அதுவும் இல்லையென்றால்தான் ரீஃபண்ட். மூன்றையும் ஒரே கடிதத்தில் வரிசையாக எழுதிவிடலாம். இல்லை என்று சொல்ல நினைப்பவருக்கும் ஏதாவது ஒன்றைக் கொடுத்து டிக்கெட்டை மூட வழி கிடைக்கும்.

நான் இப்போது எழுதும் வடிவம் இதுதான்:

'வணக்கம். உங்கள் மென்பொருளின் 5ஆம் பதிப்பை இம்மாதம் 3ஆம் தேதி வாங்கினேன். ஆர்டர் எண் கீழே உள்ளது. 14ஆம் தேதி 6ஆம் பதிப்பு வெளியாகியிருக்கிறது. வாங்கிய நாளில் விற்பனைப் பக்கத்தில் புதுப் பதிப்பைப் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை. தெரிந்திருந்தால் 6ஐயே வாங்கியிருப்பேன். எனக்கு 6க்கான லைசென்ஸை மாற்றித் தர முடியுமா? இயலாவிட்டால் நான் கட்டிய தொகையை 6இன் விலையில் கழித்துக்கொள்ள முடியுமா? இரண்டும் முடியாதென்றால் 5ஐத் திருப்பிக் கொடுத்துப் பணத்தைத் திரும்பப் பெற விரும்புகிறேன். ரசீதை இணைத்துள்ளேன். நன்றி.'

'தெரிந்திருந்தால் 6ஐயே வாங்கியிருப்பேன்' என்ற வரியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஓடிப்போகும் வாடிக்கையாளர் இல்லை, மிச்சப் பணம் கட்டத் தயாராக இருந்தவர் என்பதை அது சொல்லிவிடுகிறது. அனுப்புவதற்கு முன் ரசீதையும் விற்பனைப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பக்கம் நாளைக்கே மாறிவிடலாம். அப்புறம், பழைய பதிப்பைப் பயன்படுத்துவதைப் பதில் வரும்வரை நிறுத்தி வையுங்கள். ரீஃபண்ட் என்று வந்துவிட்டால் எவ்வளவு பயன்படுத்தினீர்கள் என்பதைப் பார்ப்பவர்கள் உண்டு.

படி 6: முடியாது என்று பதில் வந்தால்

முதல் 'முடியாது' பெரும்பாலும் அச்சடித்த பதில். அதே டிக்கெட்டில் பதில் எழுதி, மேலதிகாரி ஒருவர் பார்க்க முடியுமா என்று ஒரே வரியில் கேளுங்கள். புது டிக்கெட் போட்டால் வரிசையின் கடைசிக்குப் போய்விடுவீர்கள்.

அதற்குமேல் விற்ற இடத்தின் விதி. கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் வாங்கி 14 நாளுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஓட்டியிருந்தால் காரணம் எதுவானாலும் பணம் திரும்பும். கூகுள் ப்ளேயில் முதல் 48 மணி நேரத்துக்குள் கேட்பது எளிது. ஐரோப்பிய ஒன்றியத்தில் இணையம் வழியாக வாங்கியதை 14 நாளுக்குள் ரத்து செய்யும் உரிமை உண்டு. ஆனால் டிஜிட்டல் பொருளை உடனே இறக்கிக்கொள்ளச் சம்மதித்து, அதனால் அந்த உரிமை போகும் என்று ஒப்புக்கொண்டிருந்தால் அது போய்விடும். பணம் கட்டும்போது நாம் யோசிக்காமல் டிக் அடிக்கும் அந்தச் சின்னக் கட்டம் அதற்குத்தான்.

வங்கியிடம் சார்ஜ்பேக், அதாவது கட்டிய பணத்தை விற்றவரிடமிருந்து வங்கியே திரும்ப எடுத்துத் தருவது, கேட்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். வேண்டாம் என்பேன். நீங்கள் கேட்ட பொருள் கேட்டபடி வந்து சேர்ந்திருக்கிறது, புதியது வந்ததால் பழையது ஓடாமல் போகவில்லை. வங்கியில் நிற்காத வழக்கு அது. அதோடு, சார்ஜ்பேக் வந்ததும் கணக்கையே முடக்கும் நிறுவனங்கள் உண்டு. ஒரு மென்பொருளுக்காகச் சண்டை போட்டு அதே கணக்கில் இருக்கும் மற்ற நான்கையும் இழக்க வேண்டியதில்லை.

படி 7: புதியது உண்மையிலேயே வேண்டுமா?

கடுப்பு அடங்கிய பிறகு கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது. 2011 ஜூனில் ஆப்பிள் ஃபைனல் கட் ப்ரோ எக்ஸ் என்ற படத்தொகுப்பு மென்பொருளை 299.99 டாலருக்கு வெளியிட்டது. அதே நாளில் பழைய ஃபைனல் கட் ஸ்டுடியோ விற்பனையை நிறுத்தியது. அந்தப் பழைய தொகுப்பில் இருந்த ஃபைனல் கட் ப்ரோ 7இல் செய்த புராஜெக்ட்டுகள் புதியதில் திறக்கவில்லை, பல கேமரா காட்சிகளை ஒருசேரத் தொகுக்கும் வசதியும் முதலில் இல்லை. தொழில்முறைப் படத்தொகுப்பாளர்கள் கொதித்தார்கள். சிலருக்கு ரீஃபண்ட் கொடுத்தார்கள், நிறுவனங்களுக்குப் பழைய பதிப்பைத் தொலைபேசி வழியாக மீண்டும் விற்கவும் செய்தார்கள். அந்த மாதம் பழையதை வாங்கி 'ஐயோ, அவசரப்பட்டுவிட்டோமே' என்று நொந்தவர்தான், நடுவில் நிற்கும் வேலை இருந்தால், நிம்மதியாக இருந்திருப்பார்.

ஃபோட்டோஷாப் தயாரிக்கும் அடோபியிலும் இதே போல. 2013 மே மாதம், இனி புதுப் பதிப்புகள் சந்தாவில் மட்டுமே என்று அறிவித்தார்கள். அதற்கு முன் சிஎஸ்6 என்ற மென்பொருள் தொகுப்பை நிரந்தர லைசென்ஸாக வாங்கியவர் கையில் இருந்தது அந்த வரிசையில் கடைசி.

ஆகவே புது எண் கிடைத்தாலும் பழைய பதிப்பின் நிறுவல் கோப்பை ஓரிடத்தில் சேமித்து வையுங்கள். பெரிய பதிப்பின் முதல் வெளியீட்டை நடந்துகொண்டிருக்கும் வேலையில் புகுத்தாதீர்கள். சரிசெய்த .1 வரும்வரை இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருப்பது என் வழக்கம். அதற்கு முன், அப்கிரேடு வாங்கினால் பழைய எண் செல்லாமல் போகுமா என்பதைக் கேட்டுவிடுங்கள்.

படி 8: அடுத்த முறை வாங்குவதற்கு முன்

பெரிய பதிப்புகள் வானத்திலிருந்து விழுவதில்லை. முந்தைய மூன்று பதிப்புகள் எந்தெந்த மாதம் வந்தன என்று பாருங்கள். வரைபட மென்பொருளான ஆட்டோகேட் ஆண்டுதோறும் மார்ச் வாக்கில் புதுப்பிக்கப்படும். வீடியோ மென்பொருள்கள் ஏப்ரலில் நடக்கும் என்ஏபி (NAB) என்ற ஒளிபரப்புத் துறைக் கண்காட்சியை ஒட்டி அறிவிக்கப்படுவது வழக்கம், இசை மென்பொருள்களுக்கு NAMM என்ற இசைத் துறைக் கண்காட்சி. கடைசிப் பெரிய பதிப்பு வந்து அவர்களின் வழக்கமான இடைவெளி முடியப்போகிறதென்றால் கொஞ்சம் பொறுங்கள். பண்டிகையோ ஆண்டிறுதியோ இல்லாத நேரத்தில் திடீரென்று பாதி விலை என்றால் இன்னும் அதிகமாகவே பொறுங்கள். சின்ன அப்டேட்டுகள்கூடச் சில மாதமாக வரவில்லை என்றால், நிரலாளர்கள் எல்லோரும் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நீங்களே ஊகிக்கலாம்.

காத்திருந்தாலும் கணக்கு மாறலாம் என்பதற்கு அஃபினிட்டி 2 என்ற வடிவமைப்பு மென்பொருள் ஓர் உதாரணம். 2022 நவம்பரில் வெளிவந்தபோது எல்லோருக்கும் 40 சதவீத அறிமுகத் தள்ளுபடி கொடுத்தார்கள், பழைய வாடிக்கையாளருக்கென்று தனி அப்கிரேடு விலை இல்லை. முதல் பதிப்பை ஆண்டுக்கணக்காக வைத்திருந்தவருக்கும் அன்றுதான் முதன்முதலாக வருபவருக்கும் ஒரே விலை. அந்த மாதிரி நிறுவனத்தில் 'இப்போது வாங்கி வைத்தால் பிறகு அப்கிரேடு மலிவு' என்ற கணக்கு செல்லாது.

ஊகம் போதவில்லையென்றால் வாங்கும் முன்பே எழுதிக் கேட்டுவிடுங்கள். ஆனால் 'அடுத்த பதிப்பு எப்போது வரும்?' என்று கேட்காதீர்கள். பதில் சொல்ல ஊழியருக்கு அனுமதி இருக்காது, பெரும்பாலும் அவருக்கே தெரிந்திருக்காது. கேட்க வேண்டியது இது: 'இன்று வாங்கினால், எத்தனை நாளுக்குள் புதுப் பதிப்பு வந்தால் எனக்கு அது இலவசமாகக் கிடைக்கும்?' இதில் ரகசியம் எதுவும் இல்லை, விதி என்ன என்று மட்டும்தான் கேட்கிறீர்கள். அதனால் பதில் வரும். நாள் கணக்கு வந்தால் அது எழுத்தில் உள்ள வாக்குறுதி. மழுப்பினார்கள் என்றால், அப்கிரேடே கிடைக்காது என்று வைத்துக்கொண்டு, கையில் இருக்கும் வேலைக்குப் பழைய பதிப்பு இந்த விலை பெறுமா என்று மட்டும் பாருங்கள். பெறும் என்றால் வாங்கிவிடலாம், அடுத்த நாளே புதியது வந்தாலும் தூக்கம் கெடாது.

அந்த ஒலித்தொகுப்பு நிறுவனத்திடமே பிறகு வேறொரு மென்பொருள் வாங்கும் முன் இதே கேள்வியைக் கேட்டேன். 'அறுபது நாள்' என்று பதில் வந்தது. அந்த மின்னஞ்சலை ரசீதோடு ஒரே கோப்புறையில் போட்டுவிட்டு, நாட்காட்டியில் அறுபதாவது நாளுக்கு ஒரு நினைவூட்டல் வைத்தேன். புதுப் பதிப்பு வந்தது ஐம்பத்திரண்டாம் நாள்.